கொல்லைப்புறமும் குடும்பத் தன்னிறைவும்

பழந்தமிழில் ‘படப்பை’ என்றொரு சொல் உண்டு. மனையை ஒட்டிய தோட்டத்தை அது குறிக்கும். சங்க நூல்களில் பயின்று வரும் அச்சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. அதனிடத்தில் ‘கொல்லை’ என்னும் சொல் வந்து நிற்கிறது. கொல்லை என்பதும் முன்னாளில் முல்லை நிலத்துப் புன்செயையே குறித்தது. பின்னரே வீட்டின் பின்புறத்தைச் சுட்டலாயிற்று. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடு ஒற்றை அறையே ஆயினும் அதன் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும், வசதியுள்ள குடும்பத்தில் ஒரு பசுவும் அங்கே இருந்தன. இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கொல்லை என்னும் சொல்லை விளக்க ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைய வேண்டியிருக்கிறது.

அக்கொல்லை யாரும் மனமிரங்கிக் கொடுத்த கொடை அன்று. அதற்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என விதித்தது. அது ஏறத்தாழ 2,722 சதுர அடி. மீட்டர்க் கணக்கில் சற்றேறக்குறைய 250 சதுர மீட்டர். சட்டத்தில் எழுதிய நிலம் எல்லாத் தோட்டங்களிலும் தொழிலாளியின் கைக்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது. வந்த இடங்களில் அது என்ன செய்தது, என்ன செய்ய இயலாது போயிற்று என்பதை ஆராய்ந்தால் குடும்பத் தன்னிறைவு என்னும் கருத்தின் எல்லை விளங்கும்.

கணக்கு எளியது. நீர்ப்பாய்ச்சலுள்ள நல்ல வயலில் இந்நாட்டில் ஒரு ஹெக்டருக்கு, ஒரு போகத்தில், ஏறத்தாழ 4 டன் நெல் விளைகிறது. 250 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே 100 கிலோ நெல் கிடைக்கும். குத்தினால் 65 கிலோ அரிசி தேறும். இந்நாட்டில் ஒருவர் ஆண்டொன்றுக்கு உண்ணும் அரிசி சற்றேறக்குறைய 80 கிலோ. எனவே கொல்லை முழுதும் நெல்லே நட்டாலும் ஒரு போகத்து விளைச்சல் ஒருவருக்கே ஓராண்டு போதாது. ரப்பர் மரம் நிற்கும் மேட்டு நிலத்தில் வயலுக்குரிய நீரும் இல்லை. அரிசியில் தன்னிறைவு என்பது குடும்பத்தால் ஆகும் செயல் அன்று. அது நாட்டின் செயல்.

இவ்வுண்மையை மலாயா மக்கள் 1942 முதல் 1945 வரை பட்டு அறிந்தனர். போருக்கு முன் இந்நாடு உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அக்கப்பல்கள் நின்றன. அப்பொழுது குடும்பங்களைத் தாங்கியது மரவள்ளிக்கிழங்கு. அதே 250 சதுர மீட்டரில், ஹெக்டருக்கு 20 டன் என்னும் நடுத்தர விளைச்சலைக் கொண்டாலும், 500 கிலோ கிழங்கு கிடைக்கும். தோலைக் கழித்த பின்னும் அது உடலுக்குத் தரும் ஆற்றல், அந்நிலத்தில் ஒரு போகம் விளையக்கூடிய அரிசி தருவதைப்போல் இரு மடங்குக்கு மேல். தண்டை ஒடித்து நட்டால் முளைக்கும். உரமில்லா மண்ணிலும் விளையும். அறுவடைக்குரிய நாள் கடந்தாலும் சில திங்கள் மண்ணிலேயே கிடக்கும். பஞ்ச காலத்துக்கு இதனினும் ஏற்ற பயிர் அரிது.

ஆயினும் மரவள்ளியில் மாவுப் பொருள் மிகுதி. புரதமோ நூறு கிராமில் ஒன்றரை கிராம் கூட இல்லை. கிழங்கின் தோலிலும் கசப்பு வகைகளின் சதையிலும் சயனைடு நஞ்சைப் பிறப்பிக்கும் பொருள் உண்டு. தோலுரித்து, நீரில் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். கிழங்கை மட்டுமே உண்டவர் வயிறு நிறைந்தும் மெலிந்தனர். கிழங்கோடு பயறும் கீரையும் முட்டையும் சேர்த்துக்கொள்ள முடிந்தவர் தாங்கினர். வயிற்றுக்கு வேண்டியது வேறு, உடலுக்கு வேண்டியது வேறு என்னும் இப்பாடத்தை அக்காலத்துத் தாய்மார் எந்த நூலையும் படிக்காமலே கற்றனர்.

விடுதலைக்குப் பின்னும் அரசு இதனை மறக்கவில்லை. 1974இல் துன் அப்துல் ரசாக் தலைமை அமைச்சராய் இருந்தபோது ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ தொடங்கப்பட்டது. உலகெங்கும் உணவு விலை ஏறியிருந்த காலம் அது. வெற்று நிலத்தில் காய்கறி பயிரிடவும் கோழியும் மீனும் வளர்க்கவும் மக்கள் தூண்டப்பட்டனர். 2020 மார்ச்சு 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மீண்டும் பலர் தொட்டியும் விதையும் தேடினர். விலை ஏறும்போது கொல்லை நினைவுக்கு வருவதும், இறங்கியதும் மறந்துபோவதும் இந்நாட்டில் பழகிப்போன செய்தி.

இடைப்பட்ட காலத்தில் கொல்லையே கைவிட்டுப் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது, நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. தொழிலாளிக் குடும்பம் வேலையோடு வீட்டையும் இழந்தது. வீட்டுக்கு ஈடாக மலிவுவிலை அடுக்குமாடியில் ஓரிடம் சிலருக்குக் கிடைத்தது. கொல்லைக்கு ஈடு யாருக்கும் கிடைத்ததில்லை. இழப்பீட்டுக் கணக்கில் முருங்கை மரத்துக்கென ஒரு வரி இல்லை. காசு கொடாமல் கிடைத்த கீரையும் கறிவேப்பிலையும் பாலும் முட்டையும் மறுநாள் முதல் கடைக்கணக்கில் ஏறின. நகரத்து ஏழைக் குடும்பத்தின் செலவுச் சுமையைப் பேசுவோர் இதனைச் சேர்த்து எண்ணுவது அரிதாயிருக்கிறது.

இனி, இன்றைய வீட்டில் எது இயலும் என்பதைக் காண்போர் முதலில் கூரையைப் பார்த்தல் வேண்டும். தீபகற்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். மாணவர்க்கு அளவைக் கணக்குக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வரிசை வீட்டின் பின்பக்கக் கூரை மட்டும் 40 சதுர மீட்டர் எனக் கொள்வோம். மாதச் சராசரி மழை 200 மில்லிமீட்டர். ஆக 8,000 லிட்டர். சிதறலுக்கும் ஆவியாதலுக்கும் ஐந்தில் ஒன்றைக் கழித்தாலும் 6,400 லிட்டர் நிற்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 213 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில், ஒருவர் நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் என்று கழிப்பறைக்கு ஊற்றும் நீர் 150 லிட்டர். சுத்திகரித்துக் குழாய் வழியே அனுப்பப்படும் குடிநீரைக் கொண்டு செய்யும் அவ்வேலையை அரைக் கூரையின் மழையே செய்துவிடும். எஞ்சியது செடிக்கும் தரை கழுவவும் போதும்.

மழை மிகுந்த நாட்டில் இது வேண்டாத வேலை என்று கூறுவோர் உளர். அவர்கள் 1991இல் மலாக்காவில் டுரியான் துங்கல் அணை வற்றியதை மறந்தவர்கள். 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீடு நடந்தது. அதன் விளைவாகவே மறு ஆண்டு வீடமைப்பு அமைச்சு மழைநீர்ச் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. 2014இலும் சிலாங்கூரில் பங்கீடு வந்தது. அணைப் பகுதியில் பெய்யாத நாள்களிலும் வீட்டுக் கூரையில் மாலை மழை பெய்வதுண்டு. அந்நீர் சாக்கடையில் ஓடக் கண்டுகொண்டே வாளியைத் தூக்கித் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர் பலர்.

தொட்டி அமைப்பதில் சில நுட்பங்கள் உண்டு. நெடுநாள் மழையின்றிப் பின் பெய்யும் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்து வரும். ஆதலின் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை, அதாவது 40 சதுர மீட்டர்க் கூரைக்கு 40 லிட்டரை, தொட்டியில் சேராமல் வெளியே விடும் குழாய் வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். ஆகவே தொட்டி நிற்கும் தளம் உறுதியாக இருத்தல் வேண்டும். வெயில் புகும் வெள்ளைத் தொட்டியில் பாசி பிடிக்கும். கருநிறத் தொட்டியே நன்று. இந்நீரைக் குடிப்பதற்குக் கொள்ளுதல் தகாது. தொட்டிக் குழாயைக் குடிநீர்க் குழாயோடு இணைக்கவும் கூடாது.

எல்லாவற்றினும் முதன்மையானது கொசு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடை நீரை விட்டுத் தெளிந்த நீரையே நாடும். வெப்பமான இந்நாட்டில் அதன் முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். முட்டையோ நீரின்றியும் பல திங்கள் உயிரோடு ஒட்டிக்கிடந்து, நீர் பட்டதும் பொரியும். எனவே தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது; உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேல்மூடியிலும் வழிந்தோடும் குழாயின் வாயிலும் நுண்ணிய வலை கட்ட வேண்டும். கூரைப் பீலியில் இலை அடைத்து நிற்கும் நீரைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொட்டியைக் காட்டிலும் அதுவே கேடு. 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரர் தண்டம் கட்ட நேரும். சிக்கனம் கருதி வைத்த தொட்டி நோய்க்கு இடமாகுமாயின் அது இல்லாதிருப்பதே மேல்.

மழைக்கு அடுத்தது குப்பை. வீட்டுக் குப்பைத் தொட்டியில் கிடப்பவற்றுள் ஏறத்தாழப் பாதி, உணவுக் கழிவும் மக்கும் பொருளுமே. அது குப்பை மேட்டின் அடியில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வளி பிறக்கிறது. நூறாண்டு அளவில் நோக்கினால் கரியமில வளியைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளி அது. காற்றோடு மக்கினால் அதே கழிவு எருவாகும். உழுவதினும் எருவிடுதலை மேலாகக் கொண்ட திருவள்ளுவருக்கு இது புதுச் செய்தி அன்று. உழவு அதிகாரத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் அவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

எருக்குழி நாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பச்சைக் கழிவு மிகுதி, காய்ந்த பொருள் குறைவு. மக்கவைக்கும் நுண்ணுயிர்க்குக் கரிமப் பொருள் 25 முதல் 30 பங்கும் தழைச்சத்து ஒரு பங்கும் வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார், கிழித்த தாள் ஆகியவற்றில் கரிமம் அதிகம். ஒரு வாளி சமையற்கழிவுக்கு இரண்டு வாளி சருகு என்பது கண்ணளவில் போதிய விதி. ரப்பர் மரம் ஆண்டின் தொடக்கத் திங்களில் இலையுதிர்க்கும். தோட்டத்தை ஒட்டி வாழ்வோர் அக்காலத்தில் சில மூட்டைச் சருகைக் கூட்டி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் ஆகும். குவியலின் உள்ளே கைவைத்தால் சுட வேண்டும்; நன்கு அமைந்த குவியலில் வெப்பம் 55 முதல் 65 பாகை வரை ஏறும். கிளறினால் காற்றுப் புகும். மூடாது விட்டால் இந்நாட்டு மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மீன் குடலையும் எலும்பையும் குவியலில் இட்டால் எலி வரும். அவற்றை ஆழப் புதைத்து மேலே வாழை நடுவது முன்னோர் வழக்கம். இரண்டு மூன்று திங்களில் எரு கறுத்து மண்மணம் கமழும்.

இவ்வெரு இங்கு மிகவும் வேண்டப்படுகிறது. மலேசியாவின் மேட்டுச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது; மழை அதன் சுண்ணாம்பையும் சாம்பற்சத்தையும் அடித்துச் சென்றுவிடுகிறது. அதனால் எருவோடு சிறிது சுண்ணாம்போ விறகுச் சாம்பலோ சேர்த்தல் நன்று. தோட்டத் துரைமாரும் இளம் ரப்பர்க் கன்றுகளின் இடையே பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரை இனக் கொடிகளைப் படரவிட்டனர். அக்கொடிகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொணர்கிறது. லயத்துக் கொல்லையில் அகத்தியும் காராமணியும் அதே தொண்டைச் செய்தன.

எதை நடுவது என்பதில் ஆசை மிகுந்து பலர் தவறுகின்றனர். பெரிய வெங்காயம் தாழ்நிலத்தின் ஈரவெப்பத்தில் சரியாகக் கிழங்கு கட்டாது. இந்நாடு அதனை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியே செய்கிறது. கொல்லைக்குரியவை வேறு: முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்திரி, பசலை, வள்ளைக்கீரை, மணத்தக்காளி, வல்லாரை, சேம்பு, மஞ்சள், இஞ்சி, பந்தலில் பாகலும் சிறகவரையும். சிறகவரையின் காய், இலை, பூ, கிழங்கு யாவும் உணவாகும். மலாய்க்காரர் நெடுங்காலமாக உண்டுவரும் காய் அது. தமிழர் சமையலில் அது இன்னும் முறையான இடம் பெறாதது வியப்புக்குரியது. முருங்கையைக் கிளை ஒடித்து நடலாம். ஆனால் நீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகிவிடும். கறிவேப்பிலையை எலுமிச்சைக்கு அருகில் நடுதல் நன்றன்று. எலுமிச்சை இனத்தைப் பசுமைநோயால் மாய்க்கும் தத்துப்பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் வாழ்வதாகும்.

பந்தலுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில் நண்பகல் ஞாயிறு ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும். வெயில் கூரையிலும், காலை மாலையில் கீழ்மேல் சுவர்களிலும் விழும். மேற்குச் சுவரை ஒட்டிப் பாகற்பந்தல் இட்டால் மாலையில் அச்சுவர் சுடாது. குளிரூட்டியின் வேலை குறையும். பகலெல்லாம் வெந்த செங்கற்சுவர் இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்வதனால்தான் பலர் விடியும்வரை குளிரூட்டியை ஓடவிடுகின்றனர். மலாய்க்காரரின் மரவீடு உயர்ந்த கூரையும் தரையடியில் காற்றோட்டமும் கொண்டு மின்சாரமின்றியே இச்சிக்கலைத் தீர்த்தது. கூரைமேல் ஞாயிற்று மின்பலகை அமைப்போர் தொகை பெருகி வருகிறது. ஒரு கிலோவாட் பலகை இந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 அலகு மின்சாரம் தரும். முதற்செலவு பெரிதாகலின், சுவர் வெப்பத்தைத் தணித்து மின்தேவையைக் குறைத்தபின் பலகையின் அளவை முடிவு செய்வதே அறிவுடைமை.

பழையன யாவும் நல்லன என்று கொள்ளவும் கூடாது. விறகடுப்புக் காசில்லா எரிபொருளில் எரிந்தது உண்மையே. ஆனால் சன்னலில்லாச் சமையற்கட்டில் அப்புகையை நாள்தோறும் மூச்சில் இழுத்தவர் பெண்கள். விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலையும் நெஞ்சையும் கெடுக்கும் என்பது இன்று ஐயமின்றி அறியப்பட்ட செய்தி. விடியலில் பால்வெட்டுக்குச் சென்று, நண்பகல் திரும்பி, பின் கொல்லைக்கு நீர் சுமந்தவரும் பெரும்பாலும் அவர்களே. தன்னிறைவு என்பது வீட்டில் ஒருத்தியின் முதுகில் ஏற்றப்படும் சுமையானால், அதனைப் பிள்ளைகள் மீண்டும் விரும்பாதிருப்பதில் வியப்பில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில்தான் கொல்லை மூன்றாம் ஆண்டும் நிற்கும்.

அடுக்குமாடியில் வாழ்வோர் இவற்றுள் சிறு பகுதியையே மேற்கொள்ள முடியும். மழைத்தொட்டிக்கு இடமில்லை. ஆனால் அரிசி கழுவிய நீர் செடிக்கு ஆகும். நாளுக்கு நான்கு மணி நேரம் வெயில் விழும் மாடத்தில் பசலை, மணத்தக்காளி, மிளகாய், புதினா ஆகியன தொட்டியில் வளரும். கறிவேப்பிலையும் பெரிய தொட்டியில் தாழ நிற்கும். வெயில் விழாத பக்கத்தில் வல்லாரையும் ரம்பையும் வரும். தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைத்தல் கூடாது. பத்தாம் மாடியிலிருந்து விழும் மண்தொட்டி உயிரைக் கொல்லும். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரை வாரந்தோறும் கொட்ட வேண்டும் என்பதைக் கொசுவின் பொருட்டு மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளி நிலம். தோட்டம் விற்கப்பட்ட பின்னும் பல இடங்களில் பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதன் பின்னால் சிறிது நிலமும் கிடக்கிறது. நான்கு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தி ஒரு வகுப்புக்குப் போதும். அகலம் ஒரு மீட்டருக்கு மிகாதிருந்தால் இருபுறமும் நிற்கும் பிள்ளைகள் மண்ணை மிதியாமலே நடுவை எட்டுவர். மழைமானி ஒன்றை வைத்து நாள்தோறும் குறிப்பெடுத்தால் கூரை நீர்க் கணக்குச் சொந்த எண்களால் நடைபெறும். பாத்தியில் இட்ட எரு, நட்ட நாள், பறித்த எடை, அன்றைய சந்தை விலை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளே எழுதிவர வேண்டும். கீரை விதைத்த இருபத்தைந்து முப்பது நாளில் முதல் பறிப்பு வந்துவிடும். ஆதலால் ஒரு தவணைக்குள் இரண்டு முறை விதைத்து, எருவிட்ட பாத்தியையும் விடாத பாத்தியையும் ஒப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. பாட்டிமார் இன்னும் இருக்கும் ஊர்களில் அவர்களை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, எந்தக் கீரையை எந்த இடத்தில் வைத்தார்கள், எதனோடு எதைச் சேர்த்து நட்டார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டெழுதச் செய்வதும் அக்குறிப்பேட்டிலேயே இடம்பெறலாம். பறித்ததை அன்றே பங்கிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். வாடிய கீரையைப் பிள்ளைகள் கொண்டுபோக மாட்டார்கள்.